ஊதி ஆற்றிய சோறு

டாக்டர் பியூலா ரத்தினபாய்க்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தானோ என்னவோ, அன்றைக்கு அவளுக்கும் முந்திக்கொண்டு அவளுடைய கட்டைவிரல் பொய் சொன்னது.

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். தரையில் நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள். மேடையில் பியூலா, கையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைக் குழல்.

"இதுக்குள்ள ஊதுனா என்ன சொல்லும்?"

"தொண்டையில எந்தக் கிருமி குடியிருக்குன்னு சொல்லும்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். டிவியில் அவளுடைய 'கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி' நிகழ்ச்சியைப் பார்க்காத பிள்ளை அந்த மண்டபத்தில் இல்லை.

"அவ்வளவுதானா?"

"அது யாரு வீட்ல இருந்து வந்துச்சுன்னும் சொல்லும்!"

"அது எப்படித் தெரியும் குழலுக்கு?"

ஒரு சிறுமி எழுந்து, மனப்பாட வசனம் ஒப்பிப்பதுபோலக் கைகட்டிக்கொண்டு சொன்னாள். "கிருமி வீடு மாறும்போதெல்லாம் அது சட்டையில ஒரு பித்தான் மாறும். பித்தானைப் பாத்துக்கிட்டே போனா வந்த வழி தெரியும்."

பியூலா எப்போதோ சொன்ன வாக்கியம்தான். பிள்ளையின் வாயில் அது இன்னும் அழகாக இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தானே ஊதிக் காட்டுவது அவள் வழக்கம். பச்சை விளக்கு எரியும். பயம் தெளிந்து பிள்ளைகளும் ஊதுவார்கள். அன்றைக்கு அவளுடைய குழலில் சார்ஜ் இறங்கிப்போயிருந்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்திருந்த சுகாதார ஊழியர் ஒருவர் தன்னுடையதை நீட்டினார். பியூலா வாங்கி ஊதினாள்.

மஞ்சள் எரிந்தது.

மஞ்சள் என்றால் நோயில்லை. ஊதியவரை ஒன்றும் செய்யாமல், அடுத்தவரிடம் தாவுவதற்காகத் தொண்டையில் கிருமி காத்திருக்கிறது என்று பொருள். கட்டைவிரல் தானாகப் போய் விளக்கை மூடிக்கொண்டது.

"என்ன கலரு அக்கா?"

"என்னவா இருக்கும்?" என்றாள் பியூலா.

"பச்சை!" என்று மண்டபம் அதிர்ந்தது. அவள் திருத்தவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். ஊழியரைத் தனியே அழைத்து, முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாரையும் ஊதவைத்துப் பார்க்கும்படியும், ஊசி விட்டுப்போன பிள்ளை இருந்தால் இன்றைக்கே போடும்படியும் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "எனக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

*

ஆய்வகத்தில் முபாரக் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான். குழல் அனுப்புகிற தகவலை வைத்துக் கொடிவழி வரைகிற நிரலை எழுதியவன் அவன்தான். யாரிடமிருந்து யாருக்கு நோய் வந்தது என்பதை, தாத்தன் பூட்டன் பெயர்களை எழுதுவதுபோல, மேலிருந்து கீழாக வரைந்து காட்டும் அந்த நிரல்.

"நம்ம குழலு பச்சை காட்டுது. அவங்க குழலு மஞ்சள் காட்டுது. எது பொய்?" என்று அறைக்கு வெளியே நின்றபடியே கேட்டாள் பியூலா.

"ரெண்டும் பொய் இல்ல மேடம்." முபாரக் டப்பாவை மூடினான். "நம்ம மாவட்டத்துக் குழல்ல வீட்டுக்கழிப்பு இருக்கு. அவங்களுதுல இல்ல."

"வீட்டுக்கழிப்பா?"

"மறந்துட்டீங்களா? ஆரம்பத்துல எந்த ஊரு மாதிரியை எடுத்தாலும் நம்ம ஆளுங்க கிருமியே வந்து நின்னுச்சுல்லா? நாம தும்மி, நாம தொட்டு. 'நம்ம எச்சில் ஊர்க்கணக்குல வரக்கூடாது முபாரக், நம்ம வீட்டு அழுக்கை முதல்லயே கழிச்சிரு'ன்னு நீங்கதானே சொன்னீங்க. நம்ம லேப்ல இருக்கவங்க தொண்டையில எது இருந்தாலும் குழலு அதைக் கண்டுக்காது. படத்துலயும் வராது."

கிருமிகளோடு பழகுகிறவர்கள் எல்லா ஆய்வகத்திலும் செய்கிற காரியம்தான். மாதிரியில் தங்கள் சுவடு தெரிந்தால் அதைக் கறை என்று ஒதுக்கிவிடுவார்கள். கறை உண்மையிலேயே தாங்களாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. நோயைப் படிக்கிறவர்கள் நோயின் கொடிவழிக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

"கழிப்பை எடுத்துட்டு மெய்யூரணிப் படத்தை வரை" என்றாள்.

"மேடம்..."

"வரை முபாரக்."

மெய்யூரணி செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். அங்கேதான் மறைந்துபோனதாக நினைத்திருந்த தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, திரும்ப வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலர் காய்ச்சலில் விழுந்தார்கள். ஷர்லின் என்ற சின்னப் பெண்ணுக்குத் தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சு நின்றுபோக, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்துத்தான் மீட்டார்கள். குழல்கள் போயின. படம் வந்தது. எல்லாக் கிளைக்கும் மேலே சிவப்பாக ஒரு தலைப்புள்ளி. அது சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக இருந்த ஞானப்பூ.

நிகழ்ச்சியில் பியூலா ஊர்ப்பெயரையோ ஆள்பெயரையோ சொல்லவில்லை. "ஒரு பள்ளிச் சமையலறை. ஒரு ஆயாம்மா. பாசத்துல சோத்தை ஊதி ஊதி ஆத்தி ஊட்டுறாங்க. சோத்தோட சேந்து நோயும் போகுது" என்று மட்டும் சொன்னாள். கடைசியில், "ஊதாதீங்க, விசிறுங்க" என்று சிரித்தபடி கையை விசிறிபோல ஆட்டினாள். அந்த வாசகமும் அந்தக் கையாட்டமும் தமிழ்நாடு முழுக்கப் பரவின. நோயைவிட வேகமாகப் பரவின. பெயர் சொல்லாமல் விட்ட நாகரிகத்துக்காகத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டதும் பியூலாவுக்கு நினைவிருக்கிறது. ஓர் ஊரில் பள்ளிக்கூடம் ஒன்று, ஆயா ஒருத்தி என்றால் பெயர் எதற்கு?

திரை மெல்ல மாறியது. சிவப்பு ஞானப்பூவை விட்டு நீங்கி ஒரு படி மேலே ஏறியது. புதிய புள்ளியின் பக்கத்தில் பியூலாவின் பணியாளர் எண் தெரிந்தது.

முபாரக் திரையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தான்.

பியூலாவுக்கு ஒரு டம்ளர் ஞாபகம் வந்தது. நோய் வருவதற்கு முன்னால், அதே மெய்யூரணிப் பள்ளியில் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது இருமல் தொடங்கி நிற்கவே இல்லை. சமையலறையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். பனங்கற்கண்டும் மிளகும் தட்டிப்போட்ட வெந்நீர். "பிள்ளைங்க டம்ளரு இல்ல மேடம், என்னோடதுதான். நல்லா வெளக்கி வச்சிருந்தது." கொதிக்கிற நீரை அண்ணாந்து ஊற்றிக்கொள்ள முடியாது. பியூலா வாய் வைத்து உறிஞ்சினாள். பாதிக்குமேல் முடியவில்லை. "கொட்டுனா பாவம்" என்று அந்தப் பெண் மீதியை அங்கேயே குடித்துவிட்டுச் சிரித்தாள். பெரியவர்கள் எச்சிலைக் குடித்தால் எனக்கும் இங்கிலீஷ் வருமோ என்று அவள் கேட்டதும், வாத்தியார்கள் சிரித்ததும் நினைவுக்கு வந்தன.

"எனக்கு ஊசி போட்டிருக்கு. அதனால நோய் வரல. இருமலோட போச்சு. கிருமி மட்டும் தங்கிருக்கு" என்றாள் பியூலா, யாரிடமோ சொல்வதுபோல.

"மேடம், ஒண்ணு சொல்லட்டுமா?" முபாரக்கின் குரல் தாழ்ந்தது. "மாத்திரை சாப்பிடுங்க. சரியாயிரும். படம் என் மிஷின்லதான் இருக்கு. நீங்க சொல்லித்தான் இத்தனை தாய்மாரு ஊசிக்கு வாராங்க. உங்க பேரு கெட்டுச்சுன்னா நாளைக்கு எவ வருவா? அதுக்கு யாரு பதில் சொல்லுதது?"

நியாயம்போலத்தான் இருந்தது. மிகவும் வசதியான நியாயம்.

"அந்த ஆயாவுக்கு இப்போ என்ன நிலைமைன்னு தெரியுமா?"

முபாரக்குக்குத் தெரிந்திருந்தது. சொல்லக் கூசினான். பிறகு சொன்னான். வேலை போய்விட்டது. தேவாலயத்தில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. தெருவில் நடந்தால் பையன்கள் பேசுவதில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து விசிறுகிறார்கள்.

*

மாத்திரைகளை முடித்து, கழிப்பு இல்லாத குழலில் பச்சை எரிந்த பிறகுதான் பியூலா கேமராவின் முன் உட்கார்ந்தாள். நிகழ்ச்சிக்கென்று எப்போதும் கட்டும் மயில்நீலப் புடவையை அன்று கட்டவில்லை. படத்தைக் காட்டினாள். வீட்டுக்கழிப்பு என்றால் என்ன என்று விளக்கினாள். "நோய் அந்த அம்மாகிட்ட இருந்து தொடங்கல. என்கிட்ட இருந்து அவங்களுக்குப் போச்சு. நான் அவங்களுக்குச் செஞ்சது அநியாயம்" என்றாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதுவிட்டாள்.

ஒளிபரப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, வசை வரட்டும் என்று காத்திருந்தாள். ஜெபம் செய்தாள்கூட. "ஆண்டவரே, தாங்குவதற்குப் பெலன் தாரும்."

தாங்க முடியாதது வேறு உருவத்தில் வந்தது.

"ஒரு ஏழை ஆயாவைக் காப்பாத்த தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டாங்களே, இவங்களல்லவா தாய்!" என்று ஒருவர் எழுதியிருந்தார். "அழுதுட்டேன் அக்கா. இந்த மனசு யாருக்கு வரும்?" என்று இன்னொருவர். தயாரிப்பாளர் தொலைபேசியில் குதித்தார். "மேடம், இதுவரைக்கும் இல்லாத கூட்டம்! அந்தப் படம் நீங்க சும்மா வரைஞ்சதுதானே? எனக்குக்கூடச் சொல்லல பாத்தீங்களா!"

"சார், அது உண்மை."

"தெரியும் மேடம், தெரியும்" என்று சிரித்தார் அவர். "அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க."

கிருமியைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பிய ஊர், அவளைப் பற்றி அவளே சொன்னதை நம்பவில்லை. இத்தனை வருஷமாக நல்லவள் என்று பெயர் எடுத்தது, கடைசியில் தன் குற்றத்தைக்கூட ஒப்படைக்க முடியாதபடி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஞானப்பூவின் நிலை மாறவில்லை. முன்பு நோய் கொடுத்தவள். இப்போது பெரிய டாக்டரம்மாவையே பழி சுமக்க வைத்தவள்.

மறுநாள் காலை பியூலா தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மெய்யூரணிக்குப் போனாள்.

*

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் ஓட்டு வீடு. ஞானப்பூ வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பியூலாவைக் கண்டதும் எழுந்து, முதல் காரியமாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளியே நில்லுங்க மேடம். நான் மாத்திரையெல்லாம் முடிச்சாச்சு, பச்சைதான் காட்டுது. ஆனாலும் ஊருல..."

"முந்தானையை எடுங்க ஞானப்பூ."

அவள் எடுக்கவில்லை.

"நேத்து நான் பேசுனதைப் பாத்தீங்களா?"

"பக்கத்து வீட்டுல சத்தமா வச்சிருந்தாங்க. கேட்டுச்சு." ஞானப்பூ தலைகுனிந்தாள். "எனக்காக நீங்க எதுக்கு மேடம் அப்படிச் சொல்லணும்? ஆண்டவருக்குப் பொறுக்காது."

நீயுமா, என்று இருந்தது பியூலாவுக்கு. நின்றவாறே சொன்னாள். டம்ளரைச் சொன்னாள். பனங்கற்கண்டையும் மிளகையும் சொன்னாள். பாதி மிச்சம் வைத்ததைச் சொன்னாள். இங்கிலீஷ் வருமோ என்று அவள் கேட்டதைச் சொன்னபோது முந்தானை மெல்ல இறங்கியது.

"அப்போ நெசமா?"

"நெசம்."

ஞானப்பூ கீரையைப் பார்த்தாள். "நான் எங்கேருந்து பிடிச்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் மேடம். ஆட்டுக்குட்டிய தூக்குனதுலயான்னு நெனச்சு ஆட்டையும் வித்துட்டேன். நான் அறியாம என்ன பாவம் செஞ்சேனோ, பிள்ளை தொண்டையில கத்தி வைக்கும்படி ஆச்சேன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா, நீங்க மாத்திரை சாப்ட்டீங்களா? தொண்டை வலி இருக்கா?"

பியூலாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபப்பட்டிருக்கலாம். ஒரு வார்த்தை வைதிருக்கலாம்.

"யாரு அங்க?" என்று தெருவிலிருந்து ஒரு குரல். ஷர்லினின் தாய் செல்வக்கனி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடக் கூட்டிக்கொண்டு வந்தவள், காரைப் பார்த்து நின்றிருந்தாள். பிள்ளையின் கழுத்தில் பட்டன் அளவுக்கு ஒரு வடு. "டாக்டரம்மாவா? ஏட்டி ஞானப்பூ, கும்புட்டுக்கோ. உன்னய காப்பாத்த வந்திருக்க தெய்வம்லா?"

"செல்வக்கனி, நான் காப்பாத்த வரல" என்றாள் பியூலா. "உங்க பிள்ளைக்கு வந்த நோய் என்கிட்ட இருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அதான் டிவியில சொன்னீங்களே. பெரிய மனசு..."

"பெரிய மனசு இல்லம்மா!" பியூலாவின் குரல் தெருவெங்கும் கேட்டது. "என் இருமல். என் எச்சில். இவங்க டம்ளர்ல நான் குடிச்சேன், மீதியை இவங்க குடிச்சாங்க. எங்க குழல்ல எங்க பேரு மட்டும் வராதபடி நான்தான் செஞ்சு வச்சேன். தெரிஞ்ச அன்னைக்கும் விளக்கை விரலால மறைச்சேன், பிள்ளைங்க முன்னால. நல்லவங்க யாராவது அப்படி மறைப்பாங்களா?"

அந்தக் கட்டைவிரல்தான் செல்வக்கனியை நம்பவைத்தது. கேமராவின் முன் சொல்லாமல் விட்டது அது. தியாகம் செய்கிறவர்கள் அப்படிப்பட்ட சின்ன அற்பத்தனத்தைக் கற்பனை செய்து சொல்லமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். முகம் மாறியது.

"நீங்களா?" என்றாள். பிறகு வார்த்தைகள் வந்தன. "என் பிள்ள மூச்சுக்குத் தவிச்சப்போ இந்தப் பாவி மவளைச் சபிச்சேனே நான்! இவ வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்துனேனே! நீங்க சேலையைக் கட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, கையை ஆட்டிக்கிட்டு... வெக்கமா இல்ல உங்களுக்கு? படிச்சவுகதானே நீங்க!"

"வெக்கமா இருக்கு" என்றாள் பியூலா.

எத்தனையோ ஆயிரம் பேர் எழுதிய புகழில் ஒரு நொடிகூடக் கிடைக்காத ஆறுதல் அந்த வசையில் இருந்தது. யாரோ ஒருத்தி கடைசியில் அவள் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாள். பியூலா கைகளைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டாள். தெருக்காரர்களும் வெளியே வந்து கேட்டார்கள். நோட்டை எடுத்து விசிறிய பையன்களும் இருந்தார்கள்.

செல்வக்கனி அழுது ஓய்ந்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு, கோபம் குறையாமலே, ஷர்லினின் பையிலிருந்து டப்பாவைப் பிடுங்கினாள்.

"காலையில இருந்து ஒரு வாய் சாப்பிடல இது. குழாய் வச்சதுல இருந்து யாரு ஊட்டுனாலும் தொண்டைக்குள்ள போவ மாட்டேங்குது" என்று சொல்லி, டப்பாவை ஞானப்பூவின் மடியில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ ஊட்டு."

மன்னிப்பு என்ற சொல்லே அங்கே எழவில்லை. சூடான பருப்புச் சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஞானப்பூ கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு உருண்டை பிசைந்து எடுத்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த பனையோலை விசிறியைத் தேடி எடுத்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு விசிறத் தொடங்கினாள்.

ஊதாதீங்க, விசிறுங்க.

ஷர்லின் விசிறியைப் பிடித்துத் தள்ளினாள். கரகரத்த, இன்னும் முழுதாகத் திரும்பாத குரல். "ஊது ஆயா."

ஞானப்பூவின் கை அந்தரத்தில் நின்றது. பிள்ளையைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். கடைசியாகப் பியூலாவைப் பார்த்தாள். இத்தனைக்கும் பிறகு, அனுமதி கேட்கிற பார்வை அது. டாக்டரிடம் கேட்கிற பார்வை.

பியூலா தன் வாழ்நாளில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ எச்சரிக்கை சொல்லியிருக்கிறாள். முபாரக்கின் திரையில் கிளை கிளையாக விரிந்த அந்தப் படம் கண்முன் வந்தது. ஒருத்தி இருமியவளுக்கு வெந்நீர் கொடுத்திருக்கிறாள். கொட்டினால் பாவம் என்று குடித்திருக்கிறாள். பிள்ளை வாய் சுடும் என்று ஊதியிருக்கிறாள். யாரிடம் யார் அன்பாக இருந்தார்கள் என்பதைத்தான் குழல் இத்தனை நுட்பமாகக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தது. அதைக் குற்றப்பத்திரிகையாக வாசித்தவள் பியூலா.

"உங்களுக்கும் பச்சை. பிள்ளைக்கும் ஊசி போட்டாச்சு" என்றாள். அவ்வளவும் தேவையில்லை என்று பட்டது. "ஊதுங்க ஞானப்பூ."

ஞானப்பூ குனிந்து, உதட்டைக் குவித்து, மெல்ல ஊதினாள். ஷர்லின் வாயைத் திறந்தாள். சோறு உள்ளே போனது. கழுத்தில் அந்த வடு ஒருமுறை ஏறி இறங்கியது.

பியூலாவின் கைப்பையில் தொலைபேசி இடைவிடாமல் அதிர்ந்தது. எடுத்து அணைத்தாள். தெருவில் யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. சொல்லாதது சரியென்றே இருந்தது. காரை நோக்கித் திரும்பினாள்.

"மேடம்," என்று பின்னால் ஞானப்பூவின் குரல் கேட்டது. அடுத்த உருண்டையை உருட்டியபடியே, தலை நிமிராமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். "காலையில சாப்ட்டீங்களா?"

பியூலா சாப்பிட்டிருக்கவில்லை. ஆம் என்று சொல்லிவிட்டுப் போய்விட நாக்கு எழுந்தது. அந்தச் சின்னப் பொய்யும் அன்றைக்கு அவளுக்கு வரவில்லை.

"இல்ல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.